பிர்ச் சிலாம்பு

தால் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்
பாறைகளில் இடறி விழும் ஊர்.
நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
யேவ்லே போகும் கடைசிப் பேருந்தின் நேரம்
என் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.
கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கு.
முப்பத்தைந்து குழாய்கள், ஐந்து வரிசை,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன்.
குறுக்கே தண்ணீர்.

தண்ணீர் குழாயை எவ்வளவு தள்ளுகிறது,
அதைக் கணக்கிடுகிறேன்.
வீட்டில் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.
சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று தெரியும்.
சும்மா நிற்கும் குழாயை
தண்ணீர் ஒரு மாதிரி தள்ளும்.
மயிரிழை விலகினால் போதும்,
இடைவெளி மாறும், ஓட்டம் மாறும்,
மாறிய ஓட்டம் வந்து சேர்வதற்குள்
குழாய் அங்கே இல்லை,
திரும்பிக்கொண்டிருக்கும்.
அந்தத் தாமதத்தில்தான் எல்லாம்.
சில வேகங்களில் தாமதம் சரியாகப் பொருந்திவிடும்:
போகிற திசையிலேயே பிடித்துத் தள்ளும் தண்ணீர்,
மறுபடி, மறுபடி,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாய்.

எடையும் அப்படியே.
தண்ணீரில் ஆடும் குழாய்
தன்னைச் சுற்றிய தண்ணீரையும் சுமந்து ஆடும்.
தராசில் ஏறாத எடை,
நின்றால் இல்லாத எடை.
அதற்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறேன்.

நொடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டினால்
மூன்றாம் வரிசை ஐந்தாம் குழாய்
தறிகெட்டு ஆட வேண்டும், என்றது என் மாதிரி.
ஆடவில்லை.
ஒன்று புள்ளி ஏழு. ஒன்று புள்ளி எட்டு.
பல் மருத்துவரிடம் முறைக்குக் காத்திருப்பவன்போல
அசையாமல் இருந்தது.

பதினோரு நாள்.
ஒரு கழித்தல் குறியைத் தேடினேன்.
தாமதத்தைப் பாதியாக்கினேன், இரட்டிப்பாக்கினேன்.
அளவுகளிலிருந்து தணிப்பைப் பிரித்தெடுத்தால்
இருக்க வேண்டியதைப் போல் மூன்று மடங்கு.
கடைசியில் காரணமும் கண்டுபிடித்தேன்:
தாங்கு தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே
பிழியப்படும் நீர்ப்படலம்.
இரண்டரைப் பக்கம் எழுதினேன்.
அழகாகத்தான் வந்திருந்தது.

யில்வா அதைப் படித்தாள்,
இலவங்கப் பட்டை ரொட்டியின் சர்க்கரை உதிர உதிர.
"ஐந்தாம் குழாயா? அது செப்டம்பரிலேயே
கடகடவென்றது.
ஒரு சிலாம்பு செருகினேன்.
அடுப்புக்கு வெட்டிய பிர்ச்."
எங்கும் எழுதி வைக்கவில்லையா?
"மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஹெட்விக்."

கோபம் வந்தது. சிலாம்பின் மேல் அல்ல,
இரண்டரைப் பக்கத்தின் மேல்.
எங்கோ ஓர் இரும்புக் கலத்துக்குள்
இதே குழாய்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும்,
சுவர் ஒரு மில்லிமீட்டர்.
உரசி உரசி ஒருநாள் ஓட்டை விழும்.
அங்கே கைவிட்டுச் செருக யாராலும் முடியாது.

இடுக்கியால் இழுத்தாள்.
நகத்தளவு மெல்லியது, ஊறி உப்பியது,
ஆறிய தேநீரின் வாசனை.
பம்பைத் திறந்தோம்.
ஒன்று புள்ளி நான்கில் ஒன்றுமில்லை.
ஒன்று புள்ளி ஐந்தில் ஒரு சிலிர்ப்பு, அடங்கியது.
பிறகு காதுக்கு முன் உள்ளங்காலுக்குத் தெரிந்தது:
தரை முனகுகிறது.
யில்வாவின் காப்பியில் வட்டம் வட்டமாய் அலை.
ஒன்று புள்ளி ஐந்து ஆறு.
குழாய் கண்ணுக்கு இரண்டானது, மங்கலானது,
பக்கத்துக் குழாய்களைப் போய் இடித்தது,
அவையும் கிளம்பின.
சத்தத்துக்கு மேலே நான் கத்தினேன்,
என்ன கத்தினேன் என்று நினைவில்லை.
யில்வா சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

நிசப்தம்.
அப்போதுதான் வெளியே ஆறு கேட்டது.

என் கணக்கு ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.
பரவாயில்லை.
கடைசிப் பேருந்து போயிருந்தது.
இரண்டரைப் பக்கத்தை நீக்கிவிட்டு
ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்:
செப்டம்பர் முதல் எடுத்த அளவுகளில்
மரத்துக்கும் பங்கு உண்டு.
யில்வா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"பிர்ச் என்று போடு.
பைன் என்றால் இவ்வளவு நாள் தாங்கியிருக்காது."
போட்டேன்.